பினாங்கா, பாங்காக்கா, போர்ட் லூயிஸா? லேப்டாப்போடு கிளம்பும் துறையூர்

திருச்சி விமான நிலையத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அங்கே உள்நாட்டுக்குள் பறப்பவர்களைவிட வெளிநாட்டுக்குப் பறப்பவர்களே அதிகம். சென்னைக்கோ பெங்களூருக்கோ போவதென்றால் துறையூர்க்காரர் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்விடுவார். விமானம் என்றால் அது சிங்கப்பூருக்கு, கோலாலம்பூருக்கு, துபாய்க்கு, மஸ்கட்டுக்கு. 2024 ஜனவரி 2-ஆம் தேதி புதிய முனையத்துக்குத் திறப்பு விழா நடந்தது. கட்டடம் மாறினாலும் பயணிகள் மாறவில்லை. கட்டுமான வேலைக்கும் கடை வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போகிறவர்களும், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பாட்டிகளும்தான் அந்த வரிசையை நிரப்புகிறார்கள்.

அந்த வரிசையில் இப்போது ஒரு புதிய பயணி. அவருக்கு அந்த நாட்டில் முதலாளி கிடையாது. யாரும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. அவருடைய வேலை அவர் முதுகுப்பையில் இருக்கிறது. சம்பளம் சென்னை கம்பெனியிடமிருந்தோ லண்டன் கிளையன்டிடமிருந்தோ திருச்சி வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆறு மாதம், ஒரு வருடம் வேறொரு நாட்டில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்யலாமா என்று அவர் கேட்கிறார்.

கொரோனா ஊரடங்கில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் திரும்பிய பலர், அதன்பிறகு முழுதாகப் போகவேயில்லை. ஒருபக்கம் பச்சைமலை, இன்னொருபக்கம் கொல்லிமலை, நடுவே நெல்லும் சின்ன வெங்காயமும் விளையும் துறையூர் வட்டாரத்தில் மாடி அறைகளில் கம்ப்யூட்டர் வேலை நடப்பது இன்று யாருக்கும் அதிசயமில்லை. அதிசயப்படும் ஒரே ஆள் அம்மாதான். "ஏம்ப்பா, ஆபீஸே நம்ம வீட்டுக்கு வந்துருச்சு. அப்புறம் எதுக்கு அங்க போறேங்கற?"

இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்திவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் தவறான ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். எதற்குப் போகிறோம் என்பது தெளிவாக இருந்தால்தான் எங்கே போவது என்பது தெளிவாகும்.

மாடி அறையில் தனியாக உட்கார்ந்து மூன்று நான்கு வருடம் வேலை பார்த்தவருக்குக் காரணம் தெரியும். பேச ஆளில்லை. தன் தொழிலில் தன்னைவிடக் கெட்டிக்காரர் யாரையும் அன்றாடம் பார்க்க முடிவதில்லை. வீட்டில் இருப்பதாலேயே "சும்மாதானே இருக்க, ரேஷன் கடைக்குப் போயிட்டு வா" என்ற குரல் கேட்கும். உலகம் முழுக்க இதே தவிப்பிலிருந்து பிறந்ததுதான் கோவொர்க்கிங். 2005 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபர்க் என்ற மென்பொருள் பொறியாளர், ஒரு இடத்தை வாடகைக்குப் பிடித்து, தனியாக வேலை செய்யும் சுதந்திரமும் அலுவலகத்தின் கூட்டாளிகளும் ஒரே அறையில் கிடைக்க வேண்டும் என்று இதைத் தொடங்கினார். பத்து வருடத்துக்குள் அது பெரும் வணிகமாகிவிட்டது. பாலித் தீவின் உபுத் ஊரில் 2013-ல் திறந்த மூங்கில் கட்டடக் கோவொர்க்கிங் இடமான 'ஹுபுத்' உலகப் புகழ் பெற்று, கொரோனா காலத்தில், 2020-ல், மூடப்பட்டது. தாய்லாந்தின் சியாங் மாய் நகரம் இப்படி லேப்டாப்போடு சுற்றும் கூட்டத்தின் தலைநகரமாகவே ஆனது.

ஆக, நல்ல காரணங்கள் இருக்கின்றன. சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், ஊரைத் தேட உட்காரும்போது.

பட்டியல் யாருக்காக எழுதப்பட்டது?

'வெளிநாட்டிலிருந்து வேலை செய்யச் சிறந்த பத்து நகரங்கள்' என்று கண்ணில் படும் பட்டியல்களில் பெரும்பாலானவை அமெரிக்கரையும் ஐரோப்பியரையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. விமானத்தில் ஏறி இறங்கினாலே பல நாடுகள் கதவைத் திறந்துவிடும் பாஸ்போர்ட் அவர்களுடையது. அவர்கள் சம்பளம் டாலரிலும் யூரோவிலும் வருகிறது. நம் கையில் இருப்பது நீல நிற இந்தியப் பாஸ்போர்ட். பலருக்குச் சம்பளம் ரூபாயில். இதை மனதில் வைத்துப் பார்த்தால் பட்டியலில் பாதி ஊர் தானாக உதிர்ந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். தொலைவிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கென்றே 2020 ஆகஸ்டில் தனி விசா கொண்டுவந்த முன்னோடி நாடு எஸ்தோனியா. அங்கே இன்று மாதம் 4,500 யூரோ வருமானம் காட்ட வேண்டும். நம் பணத்தில் நான்கு லட்சத்துக்கு மேல். போர்ச்சுகல் 2022 அக்டோபரில் கொண்டுவந்த விசாவுக்கு அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு, 2025 கணக்கில் மாதம் 3,480 யூரோ. இந்தோனேசியா 2024-ல் கொண்டுவந்ததற்கு ஆண்டுக்கு 60,000 டாலர். பாலித் தீவின் படங்களில் மயங்குகிறவர்கள் இந்த எண்ணை முதலில் பார்ப்பது நல்லது. ஜப்பான் 2024-ல் ஆறு மாத விசா அறிவித்தது. ஆண்டு வருமானம் ஒரு கோடி யென் இருந்தாலும் நமக்கு அது கிடையாது. ஜப்பானோடு விசா விலக்கும் வரி ஒப்பந்தமும் உள்ள நாடுகளின் குடிமக்களுக்கு மட்டும்தான். அந்த வரிசையில் இந்தியா இல்லை.

துபாய் 2020 அக்டோபரில் தொடங்கிய ஓராண்டுத் திட்டத்துக்கு மாதம் 3,500 டாலர் வேண்டும். ஏறத்தாழ மூன்று லட்சம். பெரிய கம்பெனியில் மூத்த பொறுப்பில் இருப்பவருக்கு எட்டும். மற்றவர்களுக்கு அங்கே வீட்டு வாடகையே கையைச் சுட்டுவிடும்.

எட்டுகிற தூரத்தில் நிற்பவை மூன்று: மலேசியா, தாய்லாந்து, மொரீஷியஸ்.

பினாங்கின் பக்கம்

மலேசியா 2022 அக்டோபரில் 'டி ரந்தாவ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகம் நடத்துகிறது. மென்பொருள், வடிவமைப்பு, டிஜிட்டல் மார்க்கெட்டிங் போன்ற துறையினர் ஆண்டுக்கு 24,000 டாலருக்கு மேல் வருமானம் காட்ட வேண்டும். மாதம் சுமார் ஒன்றே முக்கால் லட்ச ரூபாய். 2024-ல் மற்ற துறையினருக்கும் கதவைத் திறந்தார்கள். ஆனால் அவர்களுக்கு 60,000 டாலர். மூன்று மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை தங்கலாம். இன்னும் ஓராண்டு நீட்டிக்கக் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் 1,000 ரிங்கிட். கணவனோ மனைவியோ பிள்ளைகளோ உடன் வரத் தனிக் கட்டணம்.

திருச்சி மாவட்டத்துக்கும் மலாயாவுக்கும் இருக்கும் உறவை இங்கே சொல்லாமல் போக முடியாது. கங்காணிகள் ஆள் சேர்த்த காலத்தில் ரப்பர் தோட்டங்களுக்குப் பெருமளவில் மக்களை அனுப்பிய மாவட்டங்களில் அன்றைய திருச்சிராப்பள்ளியும் ஒன்று. 1938-ல் இந்திய அரசு தோட்டக்கூலிகளாக ஆட்களை அனுப்புவதைத் தடை செய்தது. 1926-ல் கட்டப்பட்ட 'ராஜுலா' கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று மக்களை ஏற்றி இறக்கியது. துறையூர், முசிறி, மண்ணச்சநல்லூர் பக்கத்தில் விசாரித்தால் பல குடும்பங்களில் ஒரு மலேசியாக் கிளை இருக்கும். அன்று போனவர்கள் தங்கள் உடலைத் தோட்டத்துக்குக் கொடுத்தார்கள்; எத்தனையோ பேர் திரும்பவேயில்லை. அதே கடலைத் தாண்டி இன்று ஒருவர் தன் சம்பளத்தைத் தானே கொண்டுபோய், தன் விருப்பப்படி ஓராண்டு இருந்து, தன் விருப்பப்படி திரும்ப முடிகிறது என்றால் அது சாதாரண மாற்றமில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

உறவு மட்டுமே ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்கக் காரணமாகிவிடாது. ஆனால் பினாங்கில் வேறு பலமும் உண்டு. ஜார்ஜ் டவுன் 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம். அதே தீவில் சிப் தொழிற்சாலைகளும் பொறியாளர்களும் நிறைந்திருக்கிறார்கள். பணியிடங்களில் சந்திக்கும் ஆட்கள் வெறும் சுற்றுலாப் பயணிகளாக இருக்க மாட்டார்கள். லிட்டில் இந்தியாவில் இட்லியும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். நாடு முழுக்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. தனியாகப் போகும் பெண்ணுக்கு, அவசரத்துக்கு ஓடி வர ஒரு சித்தப்பாவோ அத்தையோ கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ இருப்பது பெரிய விஷயம். வீட்டில் சம்மதம் வாங்குவதற்கும் அதுவே பாதி வேலையை முடித்துவிடும். துறையூர் போன்ற ஊர்களில் மகனுக்கு 'எப்போ கிளம்பற?' என்றும், மகளுக்கு 'யாரோட போற?' என்றும் கேட்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. திறமையும் சம்பளமும் சமமாக இருக்கும் பெண்ணுக்கு இந்தக் கூடுதல் கேள்வி அநியாயம்தான். இருந்தாலும் நடுராத்திரியில் வேலை முடித்துத் திரும்பும் வழி பாதுகாப்பானதா என்பதை ஆணும் பெண்ணும் இருவருமே விசாரிக்க வேண்டும்.

கடிகாரம் சொல்வதைக் கேளுங்கள்

எல்லாம் சரி, பினாங்குக்கே டிக்கெட் போட்டுவிடலாமா? உங்கள் கிளையன்ட் எந்த நாட்டில் இருக்கிறார் என்று சொல்லுங்கள், பிறகு பார்க்கலாம்.

ஊரைத் தேர்ந்தெடுப்பதில் பலர் கவனிக்காமல் விடுவது இந்த ஒன்றைத்தான். மலேசிய நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால், குளிர்காலத்தில் துறையூரில் இரவு 7.30. பினாங்கில் இரவு 10. அமெரிக்க வேலைநேரம் முழுக்கவும் கூட இருக்க வேண்டிய வேலை என்றால் துறையூரில் விடியற்காலை 3.30-க்குப் படுப்பவர், பினாங்கில் காலை 6 மணிக்குத்தான் படுப்பார். வெளிநாடு போய் ஒரு வருடம் முழுக்க அந்த நாட்டின் பகலைத் தூங்கிக் கழிக்கவா இவ்வளவு செலவு? இரவு ஷிஃப்ட்டில் ஏற்கெனவே உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் கிழக்கே போகக் கூடாது. மேற்கேதான் போக வேண்டும்.

கிளையன்ட் சிட்னியில் என்றால் கதை தலைகீழ். அங்கே காலை 9 என்றால் துறையூரில் அதிகாலை 4.30; சிட்னியின் கோடைக்காலத்தில் இன்னும் ஒரு மணி நேரம் முந்தி. பினாங்கில் அதுவே காலை 7 அல்லது 6. சிங்கப்பூர், ஹாங்காங் வேலை பார்க்கிறவர்களுக்கும் பினாங்கு அற்புதமாகப் பொருந்தும். இந்தியக் கம்பெனிக்கே வேலை பார்க்கிறவருக்கு நடுப்பகலில் வேலை தொடங்கும். காலைப் பொழுது முழுதும் சொந்தமாகக் கிடைக்கும்.

லண்டன் கிளையன்ட் உள்ளவர்கள் மொரீஷியஸைப் பார்க்கலாம். நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். குளிர்கால லண்டனின் காலை 9 துறையூரில் பிற்பகல் 2.30, போர்ட் லூயிஸில் பகல் 1 மணி. இரவு 9-க்கு வேலை முடிந்து மனிதராகத் தூங்கலாம். 2020-ல் அந்நாடு கொண்டுவந்த பிரீமியம் விசாவுக்கு மாதம் 1,500 டாலர் வருமானம் போதும். ஓராண்டு தங்கலாம், நீட்டிக்கலாம். விசாக் கட்டணம் கிடையாது. இவ்வளவு தாராளமான நாட்டைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் பேசுவதேயில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. 2024 பிப்ரவரி முதல் நம் யுபிஐ அங்கேயும் செல்கிறது. குறைகளும் உண்டு: தமிழ் வம்சாவளியினர் பெரும்பாலும் கிரியோல்தான் பேசுவார்கள், திருச்சியிலிருந்து நேரடி விமானம் கிடையாது, நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். கடற்கரை விடுதிகளை நம்பாமல், அலுவலகங்கள் நிறைந்த எபேன் பகுதியில் இடம் பார்ப்பது வேலைக்கு நல்லது.

தாய்லாந்தின் கணக்கு வேறு மாதிரி. 2024 ஜூலையில் வந்த 'டிடிவி' விசா ஐந்தாண்டு செல்லும்; ஒருமுறை போனால் 180 நாள் வரை தங்கலாம். மாத வருமானத்தைவிட வங்கியில் ஐந்து லட்சம் பாட் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நம் பணத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று லட்சம். சேமிப்பு உள்ள, ஆனால் மாத வருமானம் ஏறி இறங்கும் ஃப்ரீலான்ஸருக்கு இது நல்ல ஏற்பாடு. சியாங் மாய் போகிறவர்கள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களைத் தவிர்க்க வேண்டும். அறுவடை முடிந்த வயல்களையும் காட்டையும் கொளுத்தும் புகை அந்தப் பள்ளத்தாக்கை மூடிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் நினைத்தே பார்க்கக் கூடாது.

வியட்நாமுக்கு 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து நேரடி விமானம் வந்ததும் ஹோ சி மின் நகரத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அங்கே கிடைப்பது 90 நாள் இ-விசா. தொலைவேலைக்கென்று தனி அனுமதி கிடையாது. சுற்றிப் பார்க்கப் போகலாம். சுற்றுலா விசாவில் உட்கார்ந்து மாதக்கணக்கில் வேலை பார்ப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பிடிபட்டால் அடுத்த விசாவுக்கும் அது தழும்பாக நிற்கும்.

மேனேஜர், வரி, ஓடிபி

விசா கிடைத்தாலும் கம்பெனி சம்மதிக்க வேண்டும். 'வீட்டிலிருந்து வேலை' என்ற அனுமதி இந்தியாவுக்குள் மட்டும் என்று பல நிறுவனங்களின் விதியில் இருக்கிறது. ஊழியர் வேறொரு நாட்டில் நீண்ட நாள் உட்கார்ந்து வேலை செய்தால் அந்த நாடு கம்பெனியிடமே வரி கேட்கலாம் என்பது அவர்கள் பயம். வாடிக்கையாளர் தகவல் நாட்டைத் தாண்டக் கூடாது என்ற ஒப்பந்தமும் இருக்கும். விபிஎன் போட்டு மறைத்துவிடலாம் என்று யோசனை சொல்லும் நண்பர்களை நம்ப வேண்டாம். ஆபீஸ் லேப்டாப் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு, வேலையே போகும். எழுத்தில், மின்னஞ்சலில், அனுமதி வாங்கிய பிறகே டிக்கெட்.

வரியில் ஒரு எண்ணை மனதில் வைத்தால் போதும்: 182. ஒரு நிதியாண்டில் அத்தனை நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே வசிப்பவர்; உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். மறுபக்கம், மலேசியாவில் 182 நாளும் தாய்லாந்தில் 180 நாளும் தாண்டினால் அந்நாட்டு வரிச் சட்டம் உங்களைத் தன் ஆளாகப் பார்க்கத் தொடங்கும். தாய்லாந்தில் 2024 முதல், வெளிநாட்டில் சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் பணத்துக்கும் வரி பேசுகிறார்கள். மலேசியா, தாய்லாந்து, மொரீஷியஸ் மூன்றோடும் இந்தியாவுக்கு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு. முதல் முறை போகிறவர் ஐந்து மாதத்தில் திரும்பிவிடுவது தலைவலி இல்லாத வழி. அதற்கு மேல் தங்குவதென்றால் திருச்சியில் ஒரு ஆடிட்டருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவாகாது.

சின்னதாகத் தெரிந்து பெரிதாகக் கழுத்தைப் பிடிப்பது ஓடிபி. வங்கிக்கும் ஆதாருக்கும் வரும் செய்தி இந்திய சிம்முக்குத்தான் வரும். அதை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள்.

கோவொர்க்கிங் இடத்தைப் படம் பார்த்து மாத வாடகை கட்டிவிடாதீர்கள். ஒரு நாள் சீட்டு வாங்கி உட்கார்ந்து பாருங்கள். பல இடங்கள் மாலை ஆறேழு மணிக்கே கதவைச் சாத்திவிடும்; நம் அழைப்புகள் தொடங்குவதே அப்போதுதான். இரவிலும் திறந்திருக்குமா, பேசத் தனி அறை உண்டா, ஒரு இணைய லைன் விழுந்தால் இரண்டாவது லைன் உண்டா, எட்டு மணி நேரம் உட்கார நாற்காலி தாங்குமா என்பதைக் கேளுங்கள். நீச்சல் குளத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

ஏஜென்ட் வந்தால்

இந்தக் கட்டுரையில் கோபத்தோடு எழுத வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. 'தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, டாலரில் சம்பளம், தங்குமிடம் இலவசம்' என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் அழைப்புகள். பாங்காக் வரை முறையாகக் கூட்டிப்போய், அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, இணைய மோசடி செய்ய அடித்துத் துன்புறுத்தும் கூட்டத்தின் தூண்டில் அது. 2022 செப்டம்பரில் வெளியுறவுத் துறை இதைப் பற்றி எச்சரித்தது. அடுத்த மாதமே அங்கிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் திரும்பினார்கள். படித்த, கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள்.

தொலைவேலைக்கான விசாவில் அந்த நாட்டில் யாரும் உங்களுக்கு வேலை தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஆகவே 'விசாவும் வேலையும் சேர்த்துத் தருகிறேன்' என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். மலேசியா, தாய்லாந்து, மொரீஷியஸ் விசா மூன்றுக்கும் நீங்களே அந்தந்த அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்க முடியும். வேலைக்கென்றே போவதானால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் உரிமத்தைப் பாருங்கள். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறையிடமும் விசாரிக்கலாம்.

திரும்பி வர ஒரு மேசை

மலேசிய அனுமதி நீட்டிப்போடு சேர்த்து இரண்டு வருடத்தில் முடியும். மற்றவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு, குடியுரிமைக்கான வாசல்கள் இவை இல்லை. போகிறவர் திரும்பி வரத்தான் போகிறார். எந்த மாடி அறையின் தனிமை பிடிக்காமல் போனாரோ, அதே அறைக்குத் திரும்புவதா?

சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் 'முதல்வர் படைப்பகம்' திறந்தார்கள். படிக்க இடம், வேலை செய்யப் பகிர்ந்துகொள்ளும் மேசைகள், இணையம், அரை நாளுக்கு 50 ரூபாய் என்ற அளவில் கட்டணம். திருச்சி பஞ்சப்பூரில் டைடல் பார்க்குக்கு 2025-ல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் துறையூரிலிருந்து பஞ்சப்பூர் போக மண்ணச்சநல்லூர், நம்பர் 1 டோல்கேட், காவிரிப் பாலம் எல்லாம் தாண்டி, சத்திரத்தில் பஸ் மாறி, நகரத்தின் மறுகோடிக்குப் போக வேண்டும். தினமும் போகிற தூரமில்லை. துறையூர் ஒரு நகராட்சி. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகிற தூரத்தில் முப்பது மேசையும், இரண்டு ஃபைபர் லைனும், ஒரு ஜெனரேட்டரும், இரவு 11 வரை திறந்திருக்கும் கதவும் கொண்ட ஒரு மாடியை நகராட்சியால் ஏற்படுத்த முடியும். வெளிநாடு போய் வந்தவர்களும், போகவே விரும்பாதவர்களும், கல்லூரி முடித்துவிட்டு முதல் ஃப்ரீலான்ஸ் வேலையைத் தேடும் பிள்ளைகளும் ஒரே இடத்தில் உட்காரட்டும். அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் இதற்கு ஒரு தீர்மானம் வர வேண்டும். அந்தந்த வார்டு உறுப்பினரிடம் இதற்கான மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது லேப்டாப்போடு இருக்கும் இளைஞர்கள்தான்.